பசியாறிய பிறகும் கை நிற்கவில்லை

விடியற்காலை 4 மணி. ஜொகூர் பாருவின் தெப்ராவ் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விளக்குகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தெற்கே ஓடுகின்றன. பெரும்பாலும் சிங்கப்பூர் வேலைக்குப் போகிற வண்டிகள். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட கோஸ்வே பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் எல்லையைக் கடக்கிறார்கள். அந்த ஒரு கிலோமீட்டருக்குச் சில நாள் ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு மணி நேரம். வரிசையில் முந்த வேண்டுமானால் நான்குக்கே கிளம்ப வேண்டும். அதற்கு மூன்றரைக்கே எழ வேண்டும். மூன்றரைக்கு யாருக்குப் பசிக்கும்?

வெறும் வயிற்றோடு போனவர், செனோக்கோவிலோ துவாஸிலோ ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பத்து மணிக்கு ஒரு கோப்பி குடிக்கிறார். மதிய ஓய்வில் கிடைத்ததை விழுங்குகிறார். ஓ.டி. இருந்தால் வேலை முடிய ஏழு, எட்டு ஆகிவிடும். திரும்பவும் அதே வரிசை. டேசா தெப்ராவிலோ மவுண்ட் ஆஸ்டினிலோ இருக்கும் வீட்டை நெருங்கும்போது மணி பத்து. 24 மணி நேர மாமாக் கடை அப்போதுதான் களைகட்டியிருக்கும்.

கடைக்காரர் மாவைச் சுழற்றி வீசிக் கல்லில் போடுகிறார். வெந்ததை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அடித்து உதிர்க்கிறார். தட்டில் விழுந்த ரொட்டி சானாய் மேல் பருப்புக் கறி. ஒரு ரொட்டி சுமார் 300 கலோரி. முதல் ரொட்டி நான்கு நிமிடத்தில் காலி. இரண்டாவது வருவதற்குள் தே தாரிக் பாதி கிளாஸ் இறங்கிவிடுகிறது. பிறகு ஒரு மேகி கோரெங். இதுவரை நடந்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. நாள் முழுக்க உழைத்த உடம்பு சாப்பிடத்தான் செய்யும்.

சிலருக்கு அது அங்கே முடிவதில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படி விளக்கைப் போடாமல், ஐஸ் பெட்டியின் வெளிச்சத்தில் நின்றபடி, சட்டியில் மீந்த சோறு, பிள்ளைகளின் பிஸ்கட், மேல்தட்டில் இருக்கும் முறுக்கு டின், டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் பால் என்று ஒவ்வொன்றாகக் காலியாகிறது. ருசி தெரிவதில்லை. வயிறு வலிக்கிறது, ஆனாலும் கை நிற்பதில்லை. நின்றதும் வருவது வெட்கம். காலையில் யாராவது முறுக்கு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. தமிழில் கட்டுமீறி உண்ணும் கோளாறு என்று சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே இதை விவரித்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது 2013இல்தான்; அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதம். அந்தக் கையேட்டின்படி, பிறர் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகமான உணவை, ஏறத்தாழ 2 மணி நேரத்துக்குள், நிறுத்தும் சக்தி தன்னிடம் இல்லை என்ற உணர்வோடு சாப்பிடுவது முதல் அடையாளம். வேகமாகச் சாப்பிடுவது, பசி இல்லாமலே சாப்பிடுவது, வயிறு நோகும்வரை சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, முடிந்ததும் தன்மேலேயே வெறுப்புக் கொள்வது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று சேர்ந்திருக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் இது தொடர்ந்தால் கோளாறு எனப்படும். தீபாவளியன்று இலை நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து கிடப்பதெல்லாம் இதில் சேராது.

நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம். வாயடக்கம் இல்லை. நாக்கு நீளம். பேராசை. இந்தப் பெயர்கள் எவ்வளவு தவறானவை என்பதைக் காட்டும் ஆதாரம் கடந்த ஒரு நூற்றாண்டாக வயிற்றுக்குள்ளிருந்தே கிடைத்துவருகிறது.

1902 ஜனவரியில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் மயக்க மருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் நீக்கினார்கள். பிறகு அங்கே அமிலத்தைச் செலுத்தினார்கள். கணையம் நீர் சுரந்தது. நரம்பே இல்லாதபோது குடல் கணையத்துக்கு எப்படிச் சொல்லி அனுப்பியது? இரத்தம் வழியாக. அந்தத் தூதுப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். 1905இல் இத்தகைய தூதுகள் அனைத்துக்கும் பொதுவாக ஸ்டார்லிங் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். ஹார்மோன் என்ற சொல் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. இனப்பெருக்கத்தோடும் இளமையோடும் நாம் சேர்த்துப் பேசும் அந்தச் சொல் பிறந்த இடம் குடல்.

இப்போது மாமாக் கடை மேசைக்குத் திரும்பலாம்.

முதல் வாய் இறங்குவதற்கு முன்பே கிரெலின் வேலை செய்துகொண்டிருக்கிறது. 1999இல் ஜப்பானின் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் எலியின் இரைப்பையில் கண்டுபிடித்த ஹார்மோன் இது. காலியான இரைப்பை இதைச் சுரக்கிறது; மூளை அதைப் பசி என்று படிக்கிறது. மாண்ட்ரியலில் 2008இல் நடந்த ஓர் ஆய்வில், கிரெலின் செலுத்தப்பட்டவர்களுக்கு உணவுப் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். இன்பத்தையும் ஆசையையும் கையாளும் பகுதிகள் மற்ற நேரத்தைவிடக் கூடுதலாகத் துடித்தன. ஆகவே இரவு பத்து மணிக்குக் கல்லில் நெய் சீறும் சத்தம் வேறு மாதிரி கேட்பதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது.

ரொட்டி உள்ளே போனதும் இரைப்பைச் சுவர் விரிகிறது. காலியாக இருக்கும்போது ஒரு சிறு கிண்ணமளவுகூட இல்லாத இரைப்பை, ஒரு லிட்டருக்கு மேல் விரிந்துகொடுக்கும். அந்த விரிவை வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. அந்த நரம்பின் இழைகளில் சுமார் 80 விழுக்காடு உள்ளுறுப்புகளிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அரைத்த உணவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலின் தொடக்கத்தில் இறங்கும்போது, அதிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் உணர்ந்து சிசிகே என்ற ஹார்மோன் சுரக்கிறது. பித்தப்பையைச் சுருக்குகிறது, இரைப்பையை மெதுவாகக் காலியாகச் சொல்கிறது, மூளைக்கு “போதும்” என்கிறது. இன்னும் கீழே, குடலின் கடைப்பகுதியில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டும் சுரக்கின்றன. அடுத்த சில மணி நேரம் சாப்பாட்டு நினைப்பே வராமல் பார்த்துக்கொள்கிறவை இவைதான்.

இந்தச் செய்திகள் வந்து சேர நேரம் பிடிக்கும். சிசிகே நன்றாக ஏறவே பதினைந்து இருபது நிமிடம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் அதைவிடக் கூடுதல். இரண்டு ரொட்டியும் ஒரு மேகி கோரெங்கும் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டால், “போதும்” என்ற செய்தி தட்டு கழுவப் போன பிறகுதான் வந்து சேரும். 2010இல் வெளியான ஏதென்ஸ் ஆய்வு ஒன்று இதை ஐஸ்கிரீமை வைத்தே காட்டியது. ஆரோக்கியமான 17 ஆண்களுக்கு ஆளுக்கு 300 மில்லி ஐஸ்கிரீம். ஒரு நாள் 5 நிமிடத்தில் சாப்பிட வேண்டும், இன்னொரு நாள் 30 நிமிடத்தில். அளவு அதேதான், ஆளும் அதே ஆள்தான். மெதுவாகச் சாப்பிட்ட நாளில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் கூடுதலாகச் சுரந்தன.

இது எல்லோருக்கும் பொருந்துவது. கட்டுமீறி உண்கிறவர்களின் உடம்பில் இன்னொரு கோணலும் சேர்ந்துகொள்கிறது. தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு சிசிகே குறைவாகவே சுரக்கிறது என்று 1988இல் ஜெராசியோட்டி, லிடில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நியூயார்க்கின் ஆலன் கெலிப்டர், இரைப்பைக்குள் பலூன் இறக்கி அளந்து, அடிக்கடி மிதமிஞ்சி உண்கிறவர்களின் இரைப்பைக் கொள்ளளவு கூடிவிடுகிறது என்று கண்டார். பெரிதாகிவிட்ட இரைப்பை உணவைத் தேக்கி வைத்துக்கொள்ளும், குடலுக்கு அது தாமதமாகப் போகும், சிசிகேயும் தாமதமாகும், அதற்குள் இன்னும் நாலு வாய் உள்ளே போய்விடும். ஒவ்வொரு இரவும் அடுத்த இரவைக் கொஞ்சம் எளிதாக்கிவிடுகிறது.

கிரெலின் விஷயம் எதிர்பார்ப்புக்கு மாறானது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அது எக்கச்சக்கமாகச் சுரக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கெலிப்டரின் குழு 2005இல் பார்த்தது வேறு: சாப்பாட்டுக்கு முன் அவர்களுக்குக் கிரெலின் குறைவாகவே இருந்தது, சாப்பிட்ட பிறகும் அது மற்றவர்களுக்கு இறங்குவதுபோல் இறங்கவில்லை. ஏற்றமும் இறக்கமும் மங்கிப்போன வயிறு அது. பசி எது, நிறைவு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வயிறு. “எனக்குப் பசியே இல்ல, ஆனா நிறுத்த முடியல” என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டும்.

தெப்ராவ்க்காரரின் நாளில் இன்னும் இரண்டு விஷயங்கள் இந்தத் தூதுகளைக் குழப்புகின்றன. ஒன்று தூக்கம். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர், காரின் ஸ்பீகல் குழுவினர் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாள்களோடு ஒப்பிட்டபோது, உடல் கொழுப்பிலிருந்து வந்து பசியை அடக்கும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது, கிரெலின் 28 விழுக்காடு ஏறியிருந்தது. இனிப்புக்கும் உப்புத் தின்பண்டங்களுக்கும் சோற்றுக்கும் ஆசை கூடியது. இரண்டே இரவில் இப்படி. பதினொன்றரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுகிறவர்கள் இதை வருடக்கணக்கில் செய்கிறார்கள்.

மற்றது பட்டினி. எடை கூடிவிட்டது என்று வெட்கப்படுகிறவர் முதலில் செய்வது, பகல் சாப்பாட்டை நிறுத்துவது. நேற்று இரவு தின்றதற்கு இன்றைக்குத் தண்டனை. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்ள நடந்த சோதனை அது. அவர்கள் எடையில் கால்பங்கை இழந்தார்கள். பிறகு உணவு கிடைத்தபோது, அவர்களில் சிலர் வயிறு நோகும்வரை தின்றும் பசிக்கிறது என்றார்கள். நல்ல மனநலத்தோடு, தாங்களே விரும்பி முன்வந்தவர்கள் அவர்கள்.

2011இல் மெல்பர்னில் பிரியா சுமித்ரன், ஜோசப் புரோயெட்டோ குழுவினர் இதற்கு ஹார்மோன் கணக்கைக் கொடுத்தார்கள். பருமனான 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த உணவில் இருந்தார்கள், சராசரியாக 13.5 கிலோ இறங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எடை கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் கிரெலின் இன்னும் மேலேயே இருந்தது, லெப்டினும் பிஒய்ஒய்யும் சிசிகேயும் இன்னும் கீழேயே இருந்தன. பசி அடங்கவில்லை. ஓராண்டாக உடம்பு இழந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஒரு முடிவைப் படித்த பிறகாவது, எடை திரும்பிவந்த மனிதரைப் பார்த்து “உனக்கு மன உறுதி போதாது” என்று சொல்வதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

என்ன தின்கிறோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கெவின் ஹால் தலைமையில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் தங்கவைக்கப்பட்டு, இரண்டு வாரம் பாக்கெட் உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல்போன்ற உணவும் கொடுக்கப்பட்டார்கள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமமாகப் பரிமாறப்பட்டன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக, வேகமாகச் சாப்பிட்டார்கள். சமைத்த உணவு வாரங்களில் பிஒய்ஒய் ஏறியிருந்தது.

மலேசியாவில் இது சின்ன விஷயமே இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். 2019 ஆய்வில் இந்தியர்களிடையே இனிப்பு நீர் 31.4 விழுக்காடு, மற்ற எல்லா இனத்தாரையும்விட அதிகம். அரசு 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025இல் அது 90 சென் ஆனது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 24 மணி நேர உணவகங்களை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்திருக்கிறது. கடையைப் பூட்டினால் இந்தக் கோளாறு தீர்ந்துவிடாது. அது நடக்கும் இடம் பெரும்பாலும் வீட்டு அடுப்படி.

வெட்கத்தின் வேர் இன்னும் பின்னால் போகிறது. இன்றைக்குப் பேரங்காடிகளும் அடுக்கு வீடுகளும் நிற்கிற தெப்ராவில் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம் இருந்தது. இருட்டில் வருகை எடுக்கும் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டப் போய், வெயில் ஏறிய பிறகு பசியாறிய மக்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கால் உயிரைப் பிடித்துக்கொண்டவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஒருவரைப் பார்த்ததும் கேட்பது “பசியாறிட்டீங்களா?” என்றுதான். சோற்றை மிச்சம் வைப்பது பாவம் என்று வளர்ந்த வீட்டில், “எனக்குச் சாப்பாட்டை நிறுத்த முடியவில்லை” என்று சொல்வதற்கு வார்த்தையே கிடையாது. கிளினிக்கில் எடையும் இரத்தச் சர்க்கரையும் பார்க்கிறார்கள். “எண்ணெயைக் குறைங்க, சோத்தைக் குறைங்க” என்கிறார்கள். இரவில் என்ன நடக்கிறது என்று கேட்பது அரிது. கேட்காததால் சொல்வதுமில்லை.

சொல்லாமல் விடுவதில் ஆபத்தும் உண்டு. இனிப்பு நீருக்குக் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பகலில் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண்ணில் பட்டதை எல்லாம் தின்னச் சொல்லும். அது உயிரைக் காக்க உடம்பு போடும் கூச்சல். அதையும் கட்டுமீறிய உண்ணலையும் பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு முழுக்கதையும் தெரிய வேண்டும். எந்த நேரத்தில், எவ்வளவு இடைவெளிக்குப் பிறகு, மாத்திரை போட்டு எத்தனை மணியில் என்பது உட்பட.

இப்போது எல்லோரும் பேசுவது எடை குறைக்கும் ஊசியைப் பற்றித்தான். அதுவும் குடல் ஹார்மோனின் கதையே. நியூயார்க் மருத்துவர் ஜான் எங், அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில் ஜிஎல்பி-1ஐ ஒத்த ஒரு பொருளை 1990களின் தொடக்கத்தில் கண்டார். அதிலிருந்து வந்த மருந்து 2005இல் இனிப்பு நீருக்கு அங்கீகாரம் பெற்றது. அதே வகையைச் சேர்ந்த செமாகுளுடைடு 2021இல் பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயன்படுத்தியவர்கள் பலர், மண்டைக்குள் ஓயாமல் ஓடிய சாப்பாட்டு நினைப்பு அடங்கியது என்கிறார்கள். ஆனால் கட்டுமீறி உண்ணும் கோளாறுக்கென்று இது அங்கீகரிக்கப்படவில்லை. அதற்கான ஆய்வுகள் சிறியவை. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் குமட்டலும் வாந்தியும் வரும். மருத்துவர் பார்க்காமல் இணையத்தில் வாங்கிக் குத்திக்கொள்கிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே தன்னைப் பட்டினி போடப் பழகிய ஒருவர் கையில் இந்த ஊசி, பட்டினியை இன்னும் எளிதாக்கும் கருவியாகிவிடக்கூடும்.

முதலில் தரப்படும் சிகிச்சை பேச்சு வழிச் சிகிச்சைதான். ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய முறையில், தொடக்க வாரங்களில் எதையும் குறைக்கச் சொல்வதில்லை. எதைச் சாப்பிடுவது என்பதையும் தொடுவதில்லை. நேரத்தை மட்டும் சரிசெய்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசிக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் சாப்பிட வேண்டும். கிரெலின் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் தானே ஏறிக்கொள்ளும் ஹார்மோன்; ஒழுங்கான நேரம் அதற்குப் பழகப் பழக, ஏற்ற இறக்கம் தெளிவாகும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. கூடவே ஒரு தாளில் எழுதச் சொல்கிறார்கள்: மணி, இடம், சாப்பிட்டது, அப்போது மனம் இருந்த நிலை. மனம் தாங்காத இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது. தொடர்ந்து பார்க்க வேண்டியவர் அரசு கிளினிக்கில் சொல்லி உணவியல் நிபுணருக்கும் மனநல மருத்துவருக்கும் கடிதம் கேட்கலாம்.

கோஸ்வே தாண்டுகிறவரின் நாளை அந்தத் தாளில் எழுதிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பத்து மணிக் கோப்பிக்கு முன்னால் ஆறரை மணி நேரம் காலி. அதைவிட மோசம், மதியத்துக்கும் இரவு பத்துக்கும் நடுவில் இருக்கும் எட்டு ஒன்பது மணி நேரம். அதில் கடைசி இரண்டு மணி நேரம் புகைக்கும் வெக்கைக்கும் நடுவே, ஹெல்மெட்டோடு, அங்குலம் அங்குலமாக நகரும் வரிசையில் போகிறது. வீட்டை அடையும்போது இருக்கும் பசியை எந்த மன உறுதியாலும் கையாள முடியாது.

ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் இரவு பத்து மணித் தட்டு அல்ல, அதற்கு வெகுமுன்பே. நான்கு மணிக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லி அல்லது ஒரு முட்டையும் ரொட்டித் துண்டும், பசிக்காவிட்டாலும். மாலை ஐந்தரைக்குத் தேநீர் இடைவேளையில் கச்சான் ஒரு கைப்பிடி. தொழிற்சாலை வாசலைத் தாண்டி வண்டியைக் கிளப்புமுன், மழைக்கோட்டுப் பையில் வைத்திருந்த ஒரு பிசாங் மாஸ் பழத்தை உரித்து, நின்று, மென்று, பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ளலாம்.